குளவியும் அதன் சீட்டும்

(நாகர்கோவிலில் விலங்கியல் மாணவர்களிடையே ஆற்றிய உரை)

மக்களே, குளவி என்றதும் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுகிறவர்தான் நம் நினைவுக்கு வருவார். ஆனால் எள்ளைவிடச் சின்னக் குளவிகள் எத்தனையோ உண்டு. நம்மைக் கொட்டாது; பல, வேறு பூச்சிகளின் உடலுக்குள் வளர்பவை. பெட்டியில் சேகரித்து வைக்க அதன் மேல் ஊசி குத்தினால் உடம்பே சிதறிவிடும். அதனால் முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் ஒட்டிவிட்டு, அட்டையில்தான் ஊசி குத்துவார்கள். பெரிய குளவி என்றால் மார்பின் வலப்பக்கம் குத்துவது. இடப்பக்கத்து அடையாளங்களாவது முழுசாகக் கிடைக்கும்.

அதே ஊசியில், கீழே ஒரு சீட்டு. எந்த இடம், எந்த நாள், யார் பிடித்தது, எந்தப் பூச்சிக்குள்ளிருந்து வந்தது. என்னைக் கேட்டால் குளவியைவிட இந்தச் சீட்டுக்குத்தான் மதிப்பு. 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று மட்டும் எழுதினால் போதாது. பேச்சிப்பாறை மழையும் ஆரல்வாய்மொழிக் காற்றும் ஒன்றா? 1956-க்கு முந்தைய சீட்டில் வெறும் 'திருவிதாங்கூர்' என்றிருந்தால் தொலைந்தது, இங்கிருந்து ஆலுவா வரை தேட வேண்டும்!

இது வெட்டி வேலை என்பவர்களுக்கு மரச்சீனிக் கதையை, அதாவது மரவள்ளிக் கிழங்கின் கதையைச் சொல்கிறேன். 1970-களில் தென் அமெரிக்க மாவுப்பூச்சி ஒன்று ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து மரச்சீனியை நாசமாக்கியது. அதன் எதிரியைத் தேடிப் போனவர்களிடம் முதலில் சிக்கியது, பார்க்க அதே மாதிரி இருந்த வேறொரு மாவுப்பூச்சி. அதற்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் ஆப்பிரிக்காவில் எடுபடவில்லை. சரியான பூச்சி 1981-இல் பராகுவேயில் கிடைத்தது. கூடவே அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்தது. இது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும்; புழு உள்ளேயிருந்து தின்று தீர்க்கும், கடைசியில் ஓடுதான் மிஞ்சும். ஆப்பிரிக்காவில் மரச்சீனி பிழைத்தது.

அந்த மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்துக்கு வந்தது, அப்புறம் தமிழ்நாட்டுக்கும். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து இதே குளவியைத் தருவித்தது; 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதை வெளியே விட்டார்கள்.

சரி, நாளை நம் விளையில் ஒரு மாவுப்பூச்சியிலிருந்து குளவி வந்தால், அது விடப்பட்ட குளவியா, முன்பே இங்கிருந்ததா? ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டியில் பழைய குளவி இருக்க வேண்டும், சீட்டோடு. பாச்சா உருண்டை மாற்ற மறந்த பெட்டியில் வண்டுப்புழு தின்றதுபோக ஊசிதான் நிற்கும்.

ஓடாகிப்போன மாவுப்பூச்சியைச் சின்னக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடையுங்கள். குளவி வெளிவந்ததும் ஆல்கஹாலில் இடுங்கள். உள்ளே போடும் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை கரைந்துவிடும்.