ரோஸ்மேரி சட்கிளிஃப்: தோற்றவர்களின் கதைசொல்லி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். மனத்துக்கு மிகவும் நெருக்கமான எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, ரோஸ்மேரி சட்கிளிஃபைத் தவிர வேறு பெயர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பழைய பிரிட்டனின் கெல்டிக் குடிகளையும், அவர்களை வென்று ஆண்ட ரோமானியரையும், பிறகு கடல்வழி வந்திறங்கிய சாக்சன்களையும் வைத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எழுதியவர் அவர். அவருடைய கதைகளில் மிகச் சிறந்தவை தோற்றவர்களோடு நிற்பவை. ஆயினும் வென்றவர்மீது வெறுப்பை மூட்டுவதில்லை. இந்த அரிய சமநிலைதான் என்னைத் திரும்பத் திரும்ப அவரிடம் அழைத்துச் செல்கிறது.

கடற்படை அதிகாரி ஒருவரின் மகளாக 1920ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த அவரை, மூட்டுகளை முடக்கும் ஸ்டில் நோய் குழந்தைப் பருவத்திலேயே பற்றிக்கொண்டது. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சக்கர நாற்காலியிலேயே கழித்தார். ஒன்பது வயதுவரை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தாயார் வாய்விட்டுப் படித்துக் காட்டிய கெல்டிக் பழங்கதைகளும் கிப்ளிங்கின் கதைகளும் காதில் நிறைந்திருந்தன. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஓவியம் பயின்று, நுண்ணோவியக் கலைஞரானார். கேட்டு வளர்ந்த காதும், சிறு பரப்பில் கோடு இழுத்துப் பழகிய கண்ணும் ஒரே எழுத்தில் சேர்ந்ததை அவருடைய எந்தப் பக்கத்திலும் காணலாம்.

1954இல் வெளிவந்த ‘தி ஈகிள் ஆஃப் தி நைன்த்’ நாவல் இரண்டு புதிர்களிலிருந்து பிறந்தது. ரோமானியரின் ஒன்பதாம் படையணி பிரிட்டனில் இருந்ததற்குக் கடைசிச் சான்று, யார்க் நகரில் கிடைத்த கி.பி. 108ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அதன்பின் அங்கே அதைப் பற்றிய தடயம் இல்லை. மற்றொன்று, சில்செஸ்டரில் 1866இல் தோண்டி எடுக்கப்பட்டு, இன்று ரெடிங் அருங்காட்சியகத்தில் உள்ள, சிறகிழந்த வெண்கலக் கழுகு. இவ்விரண்டையும் இணைத்து, தந்தையின் படையணியோடு காணாமற்போன கழுகுச் சின்னத்தைத் தேடி வடக்கே செல்லும் மார்க்கஸ் என்ற ரோமானிய இளைஞனையும், அவனுக்கு அடிமையாயிருந்து விடுதலை பெற்றுத் துணையாக வரும் பிரிகாண்டிஸ் குடியைச் சேர்ந்த எஸ்காவையும் படைத்தார்.

அந்த நாவலில் ஓர் உரையாடலை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. ரோமானியர் கொண்டுவந்த நீதியையும் ஒழுங்கையும் நல்ல சாலைகளையும் உங்கள் மக்கள் ஏன் ஏற்க மறுக்கிறார்கள் என்று மார்க்கஸ் கேட்கிறான். எஸ்கா வாதம் செய்வதில்லை. மார்க்கஸின் குத்துவாள் உறையில் உள்ள வேலைப்பாட்டைக் காட்டுகிறான்: இங்கே ஒரு வளைவு, அதற்கு எதிரே அதே போன்ற மற்றொரு வளைவு, நடுவில் அளவெடுத்து வைத்த சிறு பூ. பிறகு தன் மக்கள் செய்த கேடயத்தின் குமிழை நினைவூட்டுகிறான்; அதில் ஒரு வளைவிலிருந்து இன்னொன்று, நீரிலிருந்து நீர் பிரிவதுபோல, தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஓடுகிறது. அந்தக் கேடயத்தைச் செய்தவர்களின் மக்களிடம் இந்த உறையைச் செய்தவர்களின் வாழ்க்கையை எப்படித் திணிப்பது என்பதே அவன் பதிலின் சாரம். ஒரு பேரரசுக்கும் அதற்கு அடங்கிய குடிகளுக்கும் இடையிலுள்ள தொலைவை, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய இரண்டு பொருள்களால் சொல்லிவிட நுண்ணோவியரால்தான் முடியும் என்று நான் நம்புகிறேன்.

அந்தக் கழுகு படையணியின் சின்னமன்று, ஒரு சிலையின் பகுதியாக இருந்திருக்கலாம் என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. ஒன்பதாம் படையணி பின்னர் நெதர்லாந்தின் நைமேகன் பகுதியில் இருந்ததற்கும் தடயங்கள் கிடைத்துள்ளன. இவற்றால் நாவல் எதையும் இழந்துவிடவில்லை. அதன் உயிர் அந்த இரு இளைஞர்களின் நட்பில் இருக்கிறது.

என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்த படைப்பு, 1959இல் வெளிவந்து, பிரிட்டனின் சிறுவர் இலக்கிய விருதான கார்னகி பதக்கம் பெற்ற ‘தி லான்டர்ன் பேரர்ஸ்’. ரோமானியப் படை பிரிட்டனை விட்டு நிரந்தரமாகப் புறப்படும் நாளில், அக்விலா என்ற வீரன் கப்பலேறாமல் தங்கிவிடுகிறான். ரிச்பரோ கோட்டைக் கலங்கரை விளக்கில் ஒரே ஓர் இரவு மீண்டும் தீ மூட்டுகிறான். அடுத்து சாக்சன்களின் தாக்குதலில் அவன் வீடு எரிகிறது, தந்தை கொல்லப்படுகிறார், தங்கை கவர்ந்து செல்லப்படுகிறாள். பல காலம் கழித்துப் பகைவர் பாசறையில் அவளைக் கண்டு, தன்னோடு தப்பிவரச் சொல்கிறான். அங்கேயே கணவனும் குழந்தையும் உள்ள அவளோ வர மறுக்கிறாள். அந்த மறுப்பை அக்விலாவால் ஆண்டுக்கணக்கில் மன்னிக்க முடிவதில்லை. அரசியல் உறவுக்காக அவன் மணந்த நெஸ் என்ற கெல்டிக் பெண், பின்னொரு நாள் தன் சுற்றத்தார் கூட்டணியை முறித்துக்கொண்டு போகும்போது, அவர்களோடு போகாமல் கணவனுடனே தங்குகிறாள். தங்கை செய்ததையே மனைவியும் செய்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. சட்கிளிஃபின் ரோமானிய நாவல்களில் பெண்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்கிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. இந்த நாவல் அதற்கு விதிவிலக்கு. 1978இல், ரோமானியரை எதிர்த்த பூடிக்கா அரசியின் எழுச்சியை, அவளுடைய அவையில் யாழிசைத்த பாணனின் குரலில் எழுதியபோது அந்தக் குறையை முழுவதுமாகத் தீர்த்தார்.

பழங்கதைகளை நாடுவோர், அயர்லாந்து வீரன் கூஹுலினின் கதையை அவர் மறுபடி சொன்ன ‘தி ஹவுண்ட் ஆஃப் அல்ஸ்டர்’ நூலில் தொடங்கலாம். வரலாற்றுக் கதை விரும்புவோருக்கு ஒன்பதாம் படையணியின் நாவலே நல்ல வாயில். ஆர்தர் மன்னனை மாயமந்திரம் ஏதுமின்றி, சாக்சன்களை எதிர்த்த ஒரு குதிரைப்படைத் தலைவனாகக் காட்டும் ‘சோர்ட் அட் சன்செட்’ பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நீண்ட நாவல். அக்விலாவின் கதை முடிந்த இடத்திலிருந்து அது தொடர்வதால், ‘தி லான்டர்ன் பேரர்ஸ்’ நூலை முடித்த பிறகே அதைக் கையில் எடுக்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.