தரிசு என்று எழுதியிருந்த காடு

நேயர்களுக்கு வணக்கம்.

காடு வாங்கிய கதையைச் சொல்ல வாருங்கள் என்று நிலையத்தில் கூப்பிட்டார்கள். வீட்டில் சொன்னதும் பேரன் சிரித்துவிட்டான். "பாட்டி, அதைப் போய் காடுன்னு சொல்லி ஜனங்களை ஏமாத்தாதே" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காடு என்றதும் யானையும் அருவியும் ஓங்கி நிற்கிற தேக்குமரமும்தானே கண்ணில் வரும்? எங்களுடையது 1 ஏக்கர் 62 சென்ட். சென்னைக் கணக்கில் 29 கிரவுண்டும் கொஞ்சமும். உள்ளே இருக்கிற மரங்களில் பாதி நம் மாடிவீட்டு உயரம்கூட வராது. மதுராந்தகம் தாண்டி செய்யூர் போகிற பக்கத்தில், ஒரு கிராமத்து அய்யனார் கோயிலை ஒட்டி இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாவரவியல் படித்தவள் இல்லை. 2014-இல் நானும் தம்பியும் சேர்ந்து நிலம் தேடினோம். அவனுக்கு மாந்தோப்பு ஆசை. தரகர் நாலைந்து இடம் காட்டிவிட்டு, இந்த இடத்துக்கு வந்தபோது கொஞ்சம் வெட்கத்தோடுதான் பேசினார். "இது வெறும் முள்ளுக்காடுங்க. விலை கம்மி. ஜேசிபி விட்டா ரெண்டு நாள்ல சமம் பண்ணிடலாம்" என்றார்.

அது மே மாதம். சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்ந்து சருகாகக் கிடந்தது. முள்ளை விலக்கிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தோம். பத்தடி போனதும் வெயில் நின்றுவிட்டது. கண் பழகுவதற்கே சற்று நேரம் ஆயிற்று. எங்கு பார்த்தாலும் கரும்பச்சை இலை, கெட்டியாக, தோல் மாதிரி. முழங்கை பருமனுக்குக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவிப் போயிருந்தன. ஆள் உயரத்துக்கு ஒரு புற்று. தம்பி மெதுவாக, "அக்கா, மாந்தோப்பை வேற எங்கயாவது பாத்துக்கலாம்" என்றான்.

இந்த மாதிரிக் காட்டுக்குப் புத்தகத்தில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். பெயரிலேயே முரண் இருக்கிறது பாருங்கள். மழை என்னவோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மற்ற மாதங்களில் பூமி காய்ந்து கிடக்கும். ஆனாலும் இந்த மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பதில்லை. நம் சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இருக்கிற காடு இது. இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகள், அவற்றிலும் பல கோயில் காடுகள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சர்தார் பட்டேல் சாலையில் பேருந்தில் போகும்போது கிண்டித் தேசியப் பூங்காவின் சுற்றுச்சுவருக்கு மேலே தெரிகிறதே, அதுவும் இந்த வகைதான். ஏறத்தாழ 270 ஹெக்டேர். 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. முப்பது வருஷம் அந்த வழியாக வேலைக்குப் போனவள் நான். மான் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர, மரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

சரி, வாங்கின விஷயத்துக்கு வருகிறேன். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் எந்த நிலத்துக்கும் பார்ப்பதுதான். காட்டுத் துண்டுக்கு இன்னும் சில கேள்விகள் உண்டு. அது கோயில் மானியமா, மேய்க்கால் புறம்போக்கா, காப்புக்காட்டின் ஓரமா என்று கிராமக் கணக்கில் பார்க்க வேண்டும். 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும். எங்கள் நிலத்துக்கு அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், என்ன எழுதியிருந்தது தெரியுமா? தரிசு. "இவ்வளவு மரம் நிக்குதே, எப்படிங்க தரிசு?" என்று கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டேன். நல்ல மனிதர். "பயிர் இல்லைன்னா தரிசுதாம்மா. மரம்னா மா, தென்னை, சவுக்கு, தைலம்னு எழுதலாம். இதுக்கு நான் என்ன பேர் எழுதறது?" என்றார். இத்தனைக்கும் 1996 டிசம்பரிலேயே கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ அதைத்தான் கொள்ள வேண்டும், நிலம் யாருக்குச் சொந்தம் என்று பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. அகராதிப்படி காடு, அடங்கல்படி தரிசு.

சர்வேயர் வந்து அளந்தபோது இன்னொரு வேடிக்கை. அய்யனாரின் மண்குதிரைகளில் இரண்டு எங்கள் பட்டாவுக்குள் நின்றன. "நகர்த்தச் சொல்லிடலாமா?" என்றார். எங்களுக்கு முன்னால் வந்த குதிரைகள். அப்படியே இருக்கட்டும் என்றோம். அந்தப் பேச்சு எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. பின்னாளில் எத்தனையோ பேச்சுவார்த்தைகளைச் சுலபமாக்கியது அந்தக் குதிரைகள்தான்.

வாங்கின மறு சித்திரையில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு வாங்கினால் வெள்ளையடிப்போம் இல்லையா, அந்தப் புத்தி. ஆறு ஆள் வைத்துக் காட்டைச் சுத்தம் செய்யச் சொன்னோம். கொடிகளை அறுத்து, அடிச்செடிகளை அரிந்து, சருகையெல்லாம் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. எங்களுக்கு ஒரே பெருமை.

பக்கத்தில் ஆடு மேய்க்கிற ஆயா ஒருவர் உண்டு. அப்போதே எழுபது இருக்கும். வந்து நின்று பார்த்தார். "ஏம்மா, காட்டுக்கு அதுதானே போர்வை? உருவிட்டு நிக்க வெச்சிட்டீங்களே" என்றார்.

அந்த ஐப்பசி மழையில் அவர் சொன்னது புரிந்தது. சருகில்லாத செம்மண்ணில் தண்ணீர் ஊறவில்லை, வாய்க்கால் பிடித்து ஓடியது. வெயில் விழுந்த இடத்திலெல்லாம் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் முளைத்தன. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நிழல் கெட்டியாக இருந்தவரைக்கும் ஓரத்திலேயே நின்றிருந்தவை, நாங்கள் கதவைத் திறந்துவிட்டதும் உள்ளே வந்துவிட்டன. அரைநாள் வேலைக்கு ஏழெட்டு வருஷம் பிராயச்சித்தம்.

பிராயச்சித்தம் என்று சும்மா சொல்லவில்லை, முதுகு ஒடிகிற வேலை. கருவேலத்தை வெட்டினால் போகாது. கட்டையிலிருந்து பத்துக் கிளை கிளம்பும். மழை விட்டு மண் இளகியிருக்கும்போது சின்னதைக் கையால் பிடுங்க வேண்டும், பெரியதைக் கடப்பாரை போட்டு வேரோடு நெம்ப வேண்டும். இயந்திரத்தை உள்ளே விட்டால் மற்ற மரங்களின் வேர் போய்விடும். உண்ணிச்செடிக்கு வேறு வித்தை. தரைக்குக் கீழே மூன்று விரற்கடை ஆழத்தில் வேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். தண்டு மண்ணைத் தொட்டால் மறுபடி வேர் பிடித்துக்கொள்ளும். அதன் பழத்தைக் குருவிகள் தின்றுவிட்டு எங்கே உட்காருமோ, அந்த மரத்தடியில்தான் மறு வருஷம் கன்றுகளைத் தேட வேண்டும். 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டது. கொள்கை வந்தாலும் கடப்பாரை பிடிக்க ஆள் கிடைக்க வேண்டுமே!

மரங்களின் பெயரை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆயாதான். இது காயா, இது வீரை, இது இரும்புளி, அது பாலை, முள்ளாக இருப்பது சூரை, பக்கத்தில் களா. நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு எழுதிக்கொண்டேன். இதுவரை 61 பெயர். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறோமே, அந்தக் காயாவை அறுபது வயது வரை நான் பார்த்ததில்லை. சித்திரை வாக்கில் ஒருநாள் போனால், கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகக் கருநீலப் பூ. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஊசித்தலை அளவுதான். இரண்டு மூன்று நாளில் அத்தனையும் கீழே கொட்டி, சருகின் மேல் நீலப் பொடி தூவினது மாதிரி கிடந்தது.

அடுத்ததாகச் சொல்லப்போவதில் சிலருக்கு வருத்தம் வரலாம். இத்தனை வருஷத்தில் நாங்கள் அங்கே ஒரு மரம்கூட நடவில்லை. பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் என்று உறவினர்கள் கேட்பார்கள், "நூறு நாட்டுமரக் கன்று வாங்கிட்டு வரட்டுமா?" என்று. வேண்டாம் என்போம். கன்றுகளை நெருக்கமாக நட்டுக் குறுங்காடு வளர்க்கிற மியாவாக்கி முறையைச் செய்யலாமே என்பார்கள். அது வெட்டவெளிக்குச் சரி. இங்கே குழி தோண்டினால் ஏதாவது ஒரு பழைய வேர் அறுபடும். நாற்றங்கால் மண்ணோடு புதுக் களைகளும் வந்து சேரும். அதோடு, கன்றுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பாலை மரத்தடியில் பாய் விரிக்கிற அளவு இடத்தில் எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு கன்று. சூரைமுள் புதருக்குள் இருப்பதை ஆடு தொடாது. அந்த முள்தான் அதற்கு வேலி. அந்த வேலியைத்தான் நாங்கள் முதல் வருஷம் கூலி கொடுத்து வெட்டினோம். ஒரு காயாக் கன்றுக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். ஒன்பது வருஷத்தில் ஒரு சாண் ஏறியிருக்கிறது. இதை நட்டுவைத்து யார் படம் எடுத்துப் போடுவார்கள்?

ஆட்டைப் பற்றிச் சொன்னேன். ஆடும் மாடும் கருவேல நெற்றைத் தின்றுவிட்டுச் சாணியோடு விதையைப் போட்டுவிட்டுப் போகும். அதற்காக முள்கம்பி கட்டினால் ஊரோடு பகை. கீரிக்கும் உடும்புக்கும் அது காயம். ஊர்க்காரர்களோடு குதிரைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். கோயிலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை யாருக்கும் அடைக்கப்படாது, நாங்கள் பிடுங்குகிற கருவேலம் மொத்தமும் ஊருக்கு விறகு, பதிலுக்கு ஆடு உள்ளே வராது. எழுதிக்கொள்ளவில்லை. பெரும்பாலும் நடக்கிறது. வெளியாள்தான் தொல்லை. கருங்காலி மாலை மோகம் வந்த சமயத்தில் ஒரு ராத்திரி யாரோ புகுந்து இரண்டு மரத்தை அறுத்துக்கொண்டு போனார்கள். அறுத்தது கருங்காலியே இல்லை, இரும்புளி. ஊர்ப் பெயரைச் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

இங்கிலாந்தில் இருக்கிற என் தங்கை மகள் வந்திருந்தபோது, அங்கேயும் சாதாரண ஜனங்கள் நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று பழங்காடு வாங்குகிறார்கள் என்று சொன்னாள். 1600-ஆம் ஆண்டிலிருந்து விடாமல் காடாக இருந்தால்தான் அங்கே அதற்குப் பழங்காடு என்று பெயர். அதற்கு முன்னால் யாரும் பெரிதாக மரம் நட்டுக் காடு வளர்த்ததில்லையாம். அதனால் அப்போதே இருந்தது என்றால் தானாக வந்ததுதான் என்று கணக்கு. அரசாங்கமே பட்டியல் வைத்திருக்கிறது. சொந்தக் காடானாலும் மூன்று மாதத்துக்கு 5 கன மீட்டருக்கு மேல் வெட்ட உரிமம் வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அவர்கள் காட்டைப் பார்த்துக்கொள்வது என்பதே வெட்டுவதுதான். கரும்பில் மறுதாம்பு விடுகிற மாதிரி, மரத்தை அடியோடு அறுத்துத் துளிர்க்க விட்டு, சில வருஷம் கழித்து மறுபடி அறுப்பார்கள். சஃபோக் பகுதியில் பிராட்ஃபீல்டு என்கிற காட்டில் 1252 முதல் அப்படி நடக்கிறதாம். அங்கே தரையில் வெளிச்சம் விழுந்தால் புளூபெல் பூக்கும். இங்கே வெளிச்சம் விழுந்தால் உண்ணிச்செடி வரும். அவர்கள் கைப்புத்தகத்தை நாம் வாங்கிப் பிரயோசனமில்லை.

சருகு மறுபடி கணுக்கால் ஆழத்துக்குச் சேர ஐந்து வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் பனிக்காலத்தில் ஒருநாள் விடியலுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி இருக்கும். இரண்டு சுரத்தில் ஒரு விசில். ஆறுமணிக்குருவி! வடக்கே இனப்பெருக்கம் முடித்துக்கொண்டு பனிக்காலத்துக்கு நம் பக்கம் வருகிற பறவை. பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு. தத்தித் தத்தி வந்து, ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டிப் போட்டுப் புழுவைப் பொறுக்கியது. கூட்டிப் பெருக்கின தரையில் அது எதைப் புரட்டும்? ஆயாவிடம் சொன்னேன். "அது வருஷா வருஷம் வர்றதுதானேம்மா. நீங்க சுத்தம் பண்ணதால நடுவுல வரல" என்றார்.

எங்களுக்குப் பிறகு யார் என்கிற கேள்வி இப்போது வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு எழுதிவைத்து, விற்கவே கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றான் தம்பி. முடியாது என்று வக்கீல் தலையாட்டினார். கொடுத்த பிறகு அப்படி முழுத்தடை போட்டால் செல்லாதாம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், பத்தாவது பிரிவு. கடைசியில் அறக்கட்டளை என்று முடிவாகிப் போன மாதம் பத்திர வரைவு வந்தது. சொத்து விவரத்தில், பார்த்தால், தரிசு! கிராமக் கணக்கில் உள்ளபடிதான் எழுத முடியும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சரி, கூடவே ஒரு வரி போடுங்கள் என்றேன். சோழர் காலத்து நில தானங்களில் வருமே, மேல்நோக்கின மரமும், கீழ்நோக்கின கிணறும், உடும்போடி ஆமை தவழ்ந்ததும் உள்பட என்று. "அதெல்லாம் இப்ப யாரும்மா எழுதறாங்க?" என்றார்.

எழுதுங்கள் என்றேன். கிணறு மட்டும்தான் எங்களிடம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு உடும்பு, மண்குதிரையின் காலடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நன்றி, வணக்கம்.