ராணுவத்துல இருந்த அப்பாவைப் பத்தி எழுதணும், எங்க ஆரம்பிக்கிறது?

அடுத்த கேள்வி. "எங்க அப்பா ராணுவத்துல இருந்து ஹவில்தாரா ஓய்வு பெற்றவர். வர்ற நினைவு நாளுக்கு அவர் வாழ்க்கையைப் பத்துப் பக்கத்துல சின்ன புத்தகமா போடணும். 71 சண்டைக்குப் போனார்னு சொல்லுவாங்க, மத்தது எதுவும் சரியா தெரியாது. எங்க ஆரம்பிக்கிறது?"

அவரோட டிரங்குப் பெட்டியில ஆரம்பிங்க. உள்ள டிஸ்சார்ஜ் புக் இருக்கும். சேர்ந்த தேதி, வெளிய வந்த தேதி, டிரேடு (படையில அவர் பார்த்த வேலை), பதக்கம், நடத்தை எல்லாம் அதுலயே இருக்கு. டிஸ்சார்ஜ்ங்கற வார்த்தையப் பார்த்துப் பதறாதீங்க. ஒப்பந்த காலத்தை முழுசா முடிச்சு வந்தாலும் அதுக்குப் பேரு டிஸ்சார்ஜ்தான். டிஸ்மிஸ் வேற. மாவட்டம் வட ஆற்காடுன்னு இருந்தா, அது 1989-ல பிரியறதுக்கு முந்தின பேரு. இன்னிக்கு இருக்கற பேரையும் பக்கத்துல போட்டுக்கோங்க, பழசை அடிச்சிடாதீங்க. இன்னொண்ணு, அந்தப் புத்தகத்த லேமினேட் பண்ணிடாதீங்க. சூட்டுல மை கெட்டுப் போச்சுன்னா திரும்ப எடுக்க வழியே இல்ல. ஸ்கேன் எடுத்து வெச்சா போதும்.

புக் தொலைஞ்சு போச்சா? பென்ஷன் ஆர்டர்ல, அதாவது பிபிஓ-வுல, நம்பர், ராங்க், பேரு மூணும் இருக்கும். அத வெச்சு அவர் பிரிவோட ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதணும். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா (பொறியாளர் படை) பெங்களூரு, சிக்னல்ஸ்னா (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர். எப்படி எழுதறதுன்னு புரியலன்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேளுங்க.

இப்ப பதக்கம். பெரும்பாலும் தப்பு நடக்கறது இங்கதான். பதக்கத்தோட விளிம்பப் பாருங்க, நம்பரும் பேரும் பொடி எழுத்துல வெட்டியிருக்கும். பளபளன்னு ஆகட்டும்னு பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்ச்சா மொதல்ல அழியறது அந்த எழுத்துதான். டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சா படிச்சிடலாம். அப்பவும் தெரியலன்னா மெல்லிசு பேப்பர வெச்சு, பென்சில படுக்க வெச்சு லேசா தேய்ங்க, எழுத்து மேல வந்துடும்.

71 விஷயத்துக்கு, அதாவது 1971 இந்தியா-பாகிஸ்தான் போருக்கு வர்றேன். பூர்வி ஸ்டார் இருந்தா கிழக்குப் போர்முனை, பஸ்சிமி ஸ்டார் இருந்தா மேற்கு. சங்க்ராம் மெடல் மட்டும் இருந்தா அத வெச்சு "சண்டை போட்டார்"னு எழுதாதீங்க. அது ரொம்பப் பரவலா குடுத்தது, நேரா களத்துக்குப் போகாதவங்களுக்கும் வந்திருக்கு. "1971 போர்க்காலத்தில் பணியில் இருந்தார்"னு எழுதுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. சைன்ய சேவா மெடல் இருந்தா ரிப்பன் மேல சின்ன உலோகப் பட்டை இருக்கும். ஜம்மு காஷ்மீர், நேஃபா (இன்னிக்கு அருணாசலப் பிரதேசம்), ஹிமாலயான்னு அதுலயே எழுதியிருக்கும். எந்தப் பக்கம் கஷ்டப்பட்டார்ங்கறதுக்கு அதுவே சாட்சி.

ராங்க்ல ஒரு நுணுக்கம். சாப்பர்ஸ்ல சேர்ந்தவர் சிப்பாய் கிடையாது, சாப்பர். பீரங்கிப் படையில கன்னர், சிக்னல்ஸ்ல சிக்னல்மேன். ஓய்வு பெறும்போது அடுத்த ராங்கை மரியாதைக்காக கௌரவ நாயப் சுபேதார்னு குடுத்திருந்தா "கௌரவ"ங்கற வார்த்தைய விடாதீங்க. அவரோட வேலை பார்த்தவங்க படிச்சா கண்ணு மொதல்ல அங்கதான் போகும்.

சரி, இது பாதிதான். நிறைய பேரு ராணுவத்துக்கு எட்டு பக்கம் போட்டுட்டு, கடைசியில "அன்பான கணவர், பாசமிகு தந்தை"ன்னு ஒரு வரியில முடிச்சிடறாங்க. எந்த வீட்டுக்கும் பொருந்தற வரி அது. ஒரு நோட்டுல நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம் அவர் எந்த வருஷம் எங்க இருந்தார், வலது பக்கம் அதே வருஷம் வீட்டுல என்ன நடந்தது.

இடம் தெரியலன்னா பிள்ளைங்களோட பள்ளிக்கூட டிசி-ய எடுங்க. கேந்திரிய வித்யாலயா டிசி இருக்கற வருஷம் பெரும்பாலும் பீஸ் ஸ்டேஷன்ல (எல்லைய விட்டுத் தள்ளி, குடும்பத்தோட இருக்கற முகாம்) குவார்ட்டர்ஸ் கிடைச்சு குடும்பம் கூட இருந்த வருஷம். ஊர்ப் பள்ளிக்கூட டிசி-யா இருந்தா அவர் ஃபீல்டுல, அதாவது குடும்பத்தக் கூட்டிட்டுப் போக முடியாத இடத்துல இருந்திருக்கலாம். கடிதத்துல ஊர்ப் பேரு தேடாதீங்க, 56 ஏபிஓ, 99 ஏபிஓ-ன்னுதான் (ராணுவத் தபால் நிலைய நம்பர்) இருக்கும். 99-னா கிழக்குப் பக்கம். முத்திரையில இருக்கற தேதிய மட்டும் எடுத்துக்கோங்க.

அந்தக் காலத்து மணியார்டர் பாரத்தோட அடியில ஒரு துண்டு இருக்கும், ரெண்டு மூணு வரிதான் எழுத இடம். கடைக்கடன், ஸ்கூல் ஃபீஸ், அம்மாவுக்கு மருந்துன்னு பணத்தப் பிரிச்சு எழுதியிருப்பாங்க. அப்படி ஒண்ணு கிடைச்சா டைப் அடிக்காதீங்க, அவர் கையெழுத்தோட அப்படியே படமா போடுங்க. மூத்தவன் பிறந்த தேதியையும், அவர் லீவுல வந்து குழந்தைய மொதல்ல பார்த்த தேதியையும் அடுத்தடுத்து எழுதிட்டா போதும், தியாகம்ங்கற வார்த்தையே வேண்டாம்.

அம்மா இருந்தா அவங்ககிட்ட வருஷத்தக் கேக்காதீங்க. "வீடு கட்டும்போது அப்பா இருந்தாரா, லீவு முடிஞ்சு போயிட்டாரா?"ன்னு கேளுங்க, டக்குனு சொல்லுவாங்க.

அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. டிஸ்சார்ஜ் புக் பக்கத்தையோ பிபிஓ-வையோ படமா போடறதா இருந்தா பிபிஓ நம்பர், வங்கிக் கணக்கு நம்பர் ரெண்டையும் மறைச்சிடுங்க. அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வர்றது அந்த நம்பர்லயே இருக்கலாம்.