ரசீது காட்டி வாங்கிய பணம் வருமானமா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி கடைக்கோ ரெஸ்டாரண்டுக்கோ போய், கவனிப்பு எப்படி இருந்தது என்று அறிக்கை எழுதித் தருகிற மிஸ்டரி ஷாப்பர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் நீங்கள் யாருக்கும் சம்பள ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர். வேலைக்கு ஒரு கூலி, கைக்காசு போட்டதற்கு ஒரு திருப்பித்தொகை. இரண்டும் சேர்ந்தே பேபாலில் வந்து விழும். பார்க்க ஒரே பணம். வரிக்கணக்கில் இரண்டு பணம். இன்று நான் பேச வந்தது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

விதி சிக்கலானதல்ல. எவ்வளவு, எந்தத் தேதி, எந்த இடம், எதற்காக என்று வேலை கொடுத்த நிறுவனத்துக்கு முறையாகக் கணக்குக் கொடுத்து, செலவழித்ததை மட்டும் திரும்ப வாங்கினால், அது உங்கள் வருமானத்தில் சேராது. கணக்குக் கொடுக்காமல் வாங்கினால் முழுவதும் வருமானம். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் 463-ஆம் வெளியீட்டில் ஒப்பந்தக்காரர்களுக்கென்றே இதற்கு ஒரு பகுதி இருக்கிறது. மிஸ்டரி ஷாப்பருக்கு இதில் ஒரு வசதி: பொதுவாக, ரசீதைப் பதிவேற்றாமல் அறிக்கையே ஏற்கப்படாது. அதனால் கணக்குக் கொடுக்கும் வேலை தானாகவே நடந்துவிடுகிறது.

அப்படியிருந்தும் எங்கே தவறுகிறது? மொத்தத் தொகையில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் பணத்தை விடுவது இங்கேதான்.

ஒரு டின்னர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் ‘கூலி 15 டாலர், சாப்பாட்டுக்கு 45 வரை’ என்று போட்டிருக்கிறது. பில் 45 வந்தது, ரசீது ஏற்றினீர்கள், 60 டாலர் கிடைத்தது. வருமானம் 15 மட்டும். அந்த 45 வரவிலும் வராது, செலவிலும் வராது. இரண்டையும் ஞாபகம் வையுங்கள்: வரவில் காட்டாத தொகையைச் செலவாகக் கழிக்கவே கூடாது.

இப்போது அதே டின்னர். அறிவிப்பில் ‘எல்லாம் சேர்த்து 60 டாலர்’ என்று மட்டும் இருக்கிறது. கூலி எது, செலவு எது என்ற பிரிப்பே இல்லை. அப்போது 60-ம் வரவு. சாப்பாட்டுச் செலவில் பொதுவாகப் பாதியைத்தான் கழிக்கலாம், அதாவது 22 டாலர் 50 சென்ட். மிச்சம் 37 டாலர் 50 சென்ட் லாபம். கையில் நின்றது 15 டாலர்தான், வரி மட்டும் 37.50-க்கு! சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் போகிற சுயதொழில் வரி, லாபத்தில் 92.35 சதவீதத்தின் மேல் 15.3 சதவீதம், அதோடு வருமான வரி வேறு. இப்படி 50 டின்னர் போனால், இல்லாத லாபம் 1,125 டாலர் கணக்கில் ஏறியிருக்கும். ஆகவே வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே, கூலியையும் திருப்பித்தொகையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

சொன்ன வரம்புக்கு மேல் ஆசைப்பட்டு ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டால் அது உங்கள் சொந்தச் செலவு. வீட்டுக்கு எடுத்துவந்து வைத்துக்கொள்ளும் சட்டை, செருப்பு மாதிரிப் பொருள்களின் கதை வேறு. ஆய்வு முடிந்தும் பொருள் உங்களிடமே இருப்பதால், அந்தத் தொகையை வருமானத்தில் காட்டுவதே பத்திரம் என்பது என் கருத்து.

அடுத்து, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டி நிறுவனம் அனுப்புகிற, ஜனவரிக் கடைசியில் வரும் 1099-என்இசி படிவம். 2025 வரை, ஒரு நிறுவனம் வருடத்தில் 600 டாலர் கொடுத்தாலே அனுப்பவேண்டியிருந்தது. 2026-இல் கொடுக்கும் பணத்துக்கு அந்த வரம்பு 2,000. படிவம் வரவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. வருடத்து நிகர லாபத்தில் அந்த 92.35 சதவீதம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரி உண்டு. சில நிறுவனங்கள் திருப்பித்தொகையையும் கூலியோடு கூட்டிப் படிவத்தில் போட்டுவிடும். முதலில் திருத்தித் தரச் சொல்லுங்கள். திருத்தாவிட்டால் குறைத்துக் காட்டாதீர்கள், ஐஆர்எஸ் கணினி ஒப்பிட்டுப் பார்த்துக் கடிதம் அனுப்பும். ரிட்டர்னோடு சேர்க்கும் தொழில் வரவு செலவுப் படிவமான ஷெட்யூல் சி-யின் முதல் வரிசையில் முழுத் தொகையையும் எழுதி, சேர்ந்துவிட்ட திருப்பித்தொகையைப் பின்னால் ஐந்தாம் பகுதியில் தனிச் செலவாகப் பெயர் சொல்லிக் கழியுங்கள். இதற்கு ரசீது வேண்டும். கடை ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சாகின்றன, சில மாதத்தில் வெளுத்துப்போகும். அன்றைக்கே படம் எடுத்து, வேலை எண்ணோடு சேமியுங்கள். ரிட்டர்ன் போட்டபின் குறைந்தது மூன்று வருடம் இருக்கட்டும்.

நேரம் நெருங்குகிறது, கார் ஓட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக ஓட்டியதற்கு 2025-இல் மைலுக்கு 70 சென்ட் கழிக்கலாம். ஆனால் உங்கள் ஊர் வட்டாரத்துக்குள் வீட்டிலிருந்து முதல் கடைக்குப் போவதும் கடைசிக் கடையிலிருந்து திரும்புவதும், வீடே உங்கள் தொழிலின் முதன்மை அலுவலகம் என்ற தகுதியோ வெளியே நிலையான வேலையிடமோ இல்லாவிட்டால், கழிக்க முடியாது. கடைக்குக் கடை போவது கழியும். தேதியும் மைலும் அன்றன்றே குறித்திருக்கவேண்டும்.

கடைசியாக, நம் வீடுகளில் பலருக்குப் பொருந்துவது: இஏடி என்கிற வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4 விசாக்காரர்களும் (எச்-1பி ஊழியர்களின் குடும்பத்தார்) எஃப்-1 மாணவர்களும், பகுதிநேர வேலைதானே என்று இதில் இறங்கவேண்டாம். ஒப்பந்த வேலையும் வேலைதான், அனுமதி வேண்டும். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் பெயர் பதியுங்கள். வணக்கம்.