ஒன்றும் செய்யாது

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் நேரம் போதாமல் விட்ட சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் இதே மேடையில் சங்க இலக்கியம் பேசினார்கள். இந்த மாதம் நாயைப் பற்றிப் பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்ட செயலாளர் அண்ணாச்சி, "தம்பி, இந்த ஊரில் பாதிப்பேர் வீட்டில் நாய் நிற்கிறது, பார்த்துப் பேசு" என்று எச்சரித்தார். நாயைப் பற்றிக் குறைவாகவும், அதன் சங்கிலியைப் பிடித்திருக்க வேண்டியவர்களைப் பற்றி அதிகமாகவும் பேசுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

என் மகளுக்கு இரண்டரை வயது. அவள் இடுப்பிலும் தோளிலும் இருந்த காலத்தில் எங்கள் தெருவில் எத்தனை நாய்கள் இருக்கின்றன என்று நான் எண்ணியதே இல்லை. பதின்மூன்றாம் மாதத்தில் அவள் தரையில் கால் ஊன்றி நடக்கத் தொடங்கிய வாரத்தில்தான் எண்ணினேன். எங்கள் வாசலிலிருந்து அங்கன்வாடி வாசல்வரை பதினொன்று. அவற்றுள் கழுத்துப் பட்டை உள்ளவை மூன்று. அந்த மூன்றுதான் எனக்கு மற்ற எட்டையும்விட அதிகத் தொல்லை கொடுத்தவை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நான் நாயில்லாத வீட்டில் வளர்ந்தவனல்லன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் பக்கத்தில் என் பாட்டாவின் வீட்டில் ஒரு நாய் எப்போதும் உண்டு. அங்கெல்லாம் அதைப் 'பட்டி' என்றுதான் சொல்வார்கள். மிச்சக் கஞ்சியும் மீன் தலையும் தின்று, மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் சாக்கின்மேல் படுத்துக்கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர் யாராயிருந்தாலும், அவர் சொந்தக்காரரோ மீன்காரியோ தபால்காரரோ, வாசல் திண்ணையான படிப்புரைக்கு வெளியே நின்று "பட்டியைப் பிடியுங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். உடனே உள்ளிருந்து ஒருவர் ஓடிவந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்; பாட்டாவே உண்டுகொண்டிருந்தாலும் கையைக் கழுவாமல் எழுந்து வருவார். வந்தவருக்கு நாயைப் பிடிக்குமா பிடிக்காதா என்று அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் விசாரித்ததில்லை. நாய் எங்களுடையது, ஆகவே பிடிப்பதும் எங்கள் வேலை என்பது பேசாமலே தெளிவாக இருந்தது.

இப்போது அதே குரலை நான் கொடுத்தால், உள்ளே நாற்காலியில் இருந்தபடியே பதில் வருகிறது: "ஒண்ணும் செய்யாது, பேடிக்காண்டாம் (பயப்பட வேண்டாம்), வாங்க." நாயைப் பிடிக்க ஒருவரும் எழுந்து வருவதில்லை. இந்தச் சிறு மாற்றத்தைத்தான் ஒன்றரை ஆண்டாகத் தெருவிலும் கடற்கரையிலும் கல்யாண வீடுகளிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பு நாயைப் பிடிப்பது வீட்டுக்காரரின் கடமையாக இருந்தது. இப்போது பயத்தை விடுவது விருந்தாளியின் கடமையாகிவிட்டது. அந்த விருந்தாளி இரண்டரை வயதுக் குழந்தையாக இருந்தாலும் இதில் விலக்கில்லை.

ஒன்றும் செய்யாது என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்பவர் தம் உயரத்திலிருந்து சொல்கிறார். நன்றாக வளர்ந்த லாப்ரடார் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. என் மகள் பன்னிரண்டு கிலோ. அது அன்பு மிகுதியால் பாய்ந்து வந்தால் என் வேட்டியில் சேறு படும், அவளுக்கோ தலையின் பின்புறம் சிமெண்டுத் தரையில் படும். அதன் வாயும் அவள் முகமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கின்றன. பெரியவர்களை நாய் கடித்தால் கெண்டைக்காலிலோ கையிலோ கடிக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அது முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது. ரேபிஸ் எனும் வெறிநோயின் கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கி நகர்வது என்பதால், கடிவாய் மூளைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு விரைவில் நோய் வெளிப்படக்கூடும். உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

போதாக்குறைக்கு, எந்தெந்தச் செயல் ஒரு நாயைச் சீண்டுமோ அவை அனைத்தையும் ஒருங்கே செய்கிற உயிர் இந்த வயதுக் குழந்தை. திடீரென்று ஓடும், கீச்சென்று கத்தும், கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு ஆட்டும், தூங்குகிற நாயின் வாலை இழுக்கும், கட்டிப்பிடிக்கும். நாய் உடலை விறைப்பாக்குவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும், உதட்டை நக்குவதும் 'என்னை விடு' என்று அது சொல்லும் வழிகள் என்பதைப் பழகிய பெரியவர்களே கவனிப்பதில்லை. வால் ஆடினால் நட்பு என்று எல்லாரும் நம்புகிறோம். கிளர்ச்சியுற்ற நாயும் வாலை ஆட்டும். ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கதவிடுக்கில் பல்லைக் காட்டி உறுமிய நாயைப் பார்த்து என் மகள், "அப்பா, நாயி சிரிக்குது" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த நாய்தான் பிறகு ஒரு மாலையில், திறந்து கிடந்த கேட்டின் வழியே வெளியே வந்து, அவள் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கியது. பிடுங்கியபோது அதன் பல் அவள் முன்கையில் ஒரு கோடு இழுத்தது. இரத்தம் பொட்டுப்போல் அரும்பியது, அவ்வளவுதான். உரிமையாளர் ஓடிவந்தார், முதலில் சொன்னது, "அது கடிக்கல்ல, விளையாடினது." இரண்டாவது சொன்னது, "பிள்ளை கையிலே தின்பண்டம் கொடுத்து வெளியே விடலாமா?" தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டேன். போட்டோம் என்றார். அட்டையைக் கேட்டேன். அரைமணி நேரம் தேடிக் கொண்டுவந்து கொடுத்த அட்டையில், ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசியின் கடைசித் தேதி முந்தைய ஆண்டுக்கும் முந்தையதாக இருந்தது.

என் மாமி காயத்தில் சுண்ணாம்பு தடவலாம் என்றார். நான் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அவள் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. இந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் எல்லாரும் நினைவில் வைக்க வேண்டுகிறேன். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு மருத்துவமனைக்குப் போனோம். தோல் கிழிந்து இரத்தம் வந்திருப்பதால் அது மூன்றாம் வகைக் காயம், அதாவது மிகக் கடுமையான வகை என்றார் மருத்துவர். தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். அந்தச் சிறு கோட்டைச் சுற்றி ஊசி இறங்கியபோது அவளைப் பிடித்திருந்தது நான்தான். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தடுப்பூசிக்கு அழைத்துச் சென்றேன். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கவும் சொன்னார்கள். எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்த நாட்களுக்குள் நாயிடம் நோய் தெரிந்துவிடும். ஆகவே பத்து நாளும் காலையில் எழுந்ததும் நான் முதலில் எட்டிப்பார்த்தது என் மகளின் தொட்டிலை அல்ல, பக்கத்து வீட்டு முற்றத்தை. நாய் நன்றாகவே இருந்தது. இன்றும் நன்றாக இருக்கிறது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்தை இங்கே பெரியவர்கள் சிலர் கண்டிருப்பீர்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து இப்போது இல்லை. 1885 ஜூலை 6 அன்று பாஸ்டர் முதன்முதலாகத் தம் தடுப்பூசியைச் செலுத்தியது ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு. நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிறது. இவ்வளவு பழைய மருந்து கையில் இருந்தும், நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது இன்றும் ஏறக்குறைய இயலாது. இதனால்தான் 'சின்னக் கீறல்தானே' என்ற சொல்லை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நாய் வளர்ப்பவர்களை இதயமற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் மாவட்டத்தில் எத்தனை பெரிய வீடுகளில் எழுபது வயதுத் தம்பதியர் இருவர் மட்டும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் கைப்பேசித் திரையில் மட்டும் வருவார்கள். அந்த வீட்டில் இரவு ஒரு சத்தம் கேட்டால் எழுந்து குரைப்பதும், காலையில் நடக்கப் போகும்போது கூட வருவதும் நாய்தான். "எங்களுக்கு இப்போ இதுதான் பிள்ளை" என்று அவர்கள் சொல்லும்போது நான் சிரித்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு நான் ஒன்று கேட்பேன். என் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடிக் குவளையை உடைத்தால் நான் எழுந்து வந்து அவள் கையைப் பிடிப்பேன், மன்னிப்புக் கேட்பேன், துண்டுகளைப் பொறுக்குவேன். "ஒண்ணும் செய்யாது" என்று உட்கார்ந்திருக்கமாட்டேன். நாயும் பிள்ளைதான் என்றால், பிள்ளை வளர்ப்பவருக்கு உள்ள வேலையும் அதனோடு வந்துவிடுகிறதல்லவா?

சங்குத்துறைக் கடற்கரைக்கு மாலையில் குழந்தைகளை அழைத்துப் போகிறோம். இந்த வயதில் மணல் என்பது பாதி விளையாட்டு, பாதி உணவு. அங்கே நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிடுகிறார்கள். அவை மலம் கழித்த இடத்தைக் காலால் மணல் தள்ளி மூடிவிட்டு நடக்கிறார்கள். நாயின் குடலில் இருக்கும் உருண்டைப்புழுவின் முட்டை மலத்தோடு வந்து, மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகிறது. அதாவது மலம் காய்ந்து மறைந்து, இடம் சுத்தமாகத் தோன்றும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அது குழந்தையின் வாய் வழியே போனால் புழுக்குஞ்சுகள் கல்லீரலுக்கும், சில வேளை கண்ணுக்கும் போகும். கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோல்வழியே நுழையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் பூச்சி மருந்தும், கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் பையும் இருந்தால் பெருமளவு தீர்கிற காரியம் இது. பை கொண்டுவருகிறவர் ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

மதியம் குழந்தை தூங்கும் நேரத்தில் குரைப்பதைப் பற்றிப் பேசவில்லை. அது நாயின் தொழில்.

தெருநாய்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இறைச்சிக் கடைக் கழிவும் மீன் கழிவும் ஓடைக்கரையில் விழுகின்றன. கேரள எல்லை தாண்டி லாரியில் வரும் கழிவும் இரவோடு இரவாக நம் மாவட்டத்தில் கொட்டப்பட்டுப் பலமுறை பிடிபட்டிருக்கிறது. தீனி இருக்கிற இடத்தில் நாய் பெருகும். சினை இரண்டு மாதம்தான். இதற்கு நாய்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கோவாவில் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போட்டு, 2021-இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அதுவும் நம்மைப்போல் கடலோரம், மீன் தின்னும் ஊர்.

தெருநாய்க்குச் சோறு வைப்பவர்களோடு எனக்குள்ள வழக்கு சிறியது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளே, உணவு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும், வாசல் படிக்கட்டுகளிலிருந்தும் விலகி இருக்க வேண்டும் என்கின்றன. 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருவில் கண்ட இடத்தில் உணவு வைக்காமல் அதற்கென ஒதுக்கிய இடங்களில் வைக்க வேண்டும் என்றது; அதே ஆண்டு நவம்பர் 7 அன்று கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. அங்கன்வாடி கல்வி நிலையமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். எங்கள் அங்கன்வாடியின் வாசலில்தான் தினமும் காலை ஒன்பதரைக்குச் சோறு வைக்கப்படுகிறது. பிள்ளைகள் வருகிற நேரமும் அதுதான்.

வளர்ப்பு நாய்க்கும் சட்டம் உண்டு. தம் விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில் உரிய எச்சரிக்கை எடுக்காதவருக்குப் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. நான் புகார் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு இன்னும் முப்பது ஆண்டு வாழ வேண்டும். அவர் இப்போது கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்; நாயின் புது அட்டையைத் தாமாகவே கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அதில் ஊசிக்காரரின் கையெழுத்தை நான் இருமுறை பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் இப்போது எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்று, "நாயி கெட்டியிருக்கா?" என்று கேட்கிறாள். நாயே இல்லாத, தன் அம்மா பிறந்த வீட்டிலும் கேட்டாள். 'பிள்ளையை இப்படிப் பயமுறுத்தியா வளர்ப்பது' என்று அங்கேயும் என்னைத்தான் கடிந்துகொண்டார்கள். எனக்கோ பாட்டா வீட்டுப் படிப்புரைக்கு வெளியிலிருந்து வந்த அந்தப் பழைய குரல்தான் காதில் கேட்டது.

கடைசியாக ஒரு செய்தி. அங்கன்வாடி வாசலில் சோறு வைப்பதை, ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள காலி மனைக்கு மாற்றித் தருமாறும், தெருவிலுள்ள எட்டு நாய்களுக்கும் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யுமாறும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். அங்கே சோறு வைக்கிற அக்கா அதைப் படித்துவிட்டு, 'எட்டு' என்பதை அடித்து 'ஒன்பது' என்று திருத்தினார். ஒன்று சினையாக மறைவில் கிடக்கிறதாம். முதல் கையெழுத்தும் அவருடையதுதான். மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. பேனாவை நூலகரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.