மாச்சோவும் மாந்திலோனும்

அவையோர்க்கு வணக்கம்.

மெக்சிகோவில் ஆண்களைச் சீண்டப் பயன்படும் சொற்களில் ‘மாந்திலோன்’ என்று ஒன்று உண்டு. சமைக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனுக்கு ஸ்பானிய மொழியில் ‘மாந்தில்’ என்று பெயர். அதைக் கட்டிக்கொண்டு திரிகிறவன் மாந்திலோன். நாம் பெண்டாட்டிதாசன் என்று சொல்லும்போது ஒருவனுடைய பணிவைக் கேலி செய்கிறோம். அவர்களோ அவன் கட்டியிருக்கும் துணியையே சுட்டிக்காட்டிச் சிரிக்கிறார்கள். ‘மாச்சோ’ என்ற சொல் உலகத்துக்கே தெரியும். அதன் எதிர்வீட்டில் குடியிருக்கும் இந்தச் சொல் மட்டும் ஊரைவிட்டு வெளியே வரவில்லை. லத்தீன் அமெரிக்க ஆண்களைப் பற்றியும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறி லத்தினோ என்ற பொதுப்பெயரைப் பெற்ற ஆண்களைப் பற்றியும் பேச என்னை அழைத்தபோது, இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே உள்ள தெருவில் நடப்பதைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அந்த ஆண்களை மாற்றியதும், பல வேளைகளில் மாறவிடாமல் வைத்திருந்ததும், வீட்டில் யார் இருந்தார்கள், சம்பளம் யார் கைக்கு வந்தது, குடியுரிமைக் காகிதம் யாரிடம் இருந்தது என்ற நடைமுறைக் கணக்குகளே என்பதுதான் என் கட்சி.

முதலில் மாச்சோ. அந்தச் சொல்லுக்கு ஆண் விலங்கு என்பதே நேர்ப்பொருள். ஆண் கோவேறு கழுதையும் மாச்சோதான். மெக்சிகோ ஆண் என்றாலே மாச்சோ, அது கொலம்பஸ் காலத்திலிருந்து அவன் உடம்பில் ஓடுவது என்று பலரும் எண்ணிக்கொண்டிருந்தபோது, டெக்சஸைச் சேர்ந்த நாட்டாரியல் அறிஞர் அமெரிக்கோ பரேதெஸ் 1960-களில் ஒரு எளிய காரியத்தைச் செய்தார்: பழைய கதைப்பாடல்களை எடுத்துப் பார்த்தார். 1910-இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியைப் பாடிய ‘கொர்ரிதோ’ என்னும் பாடல்களில் வீரன் ‘ஆண்மகன்’ என்றும் ‘துணிந்தவன்’ என்றும் போற்றப்படுகிறான். மாச்சோ என்று போற்றப்படுவதில்லை. அந்தச் சொல் 1940-களில்தான் பாட்டிலும் திரையிலும் கொடிகட்டிப் பறக்கிறது. அப்போது நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர் மனுவேல் ஆவிலா கமாச்சோ. அவர் பெயரோடு எதுகையாக மாச்சோ இயல்பாக வந்து விழுந்ததும் ஒரு காரணம் என்று பரேதெஸ் குறிப்பிடுகிறார். ஒரு நாட்டு ஆண்களின் தலையெழுத்தாகக் கருதப்பட்ட சொல்லின் புகழில் ஒரு பங்கு எதுகைக்கும் உண்டு என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது. இடுப்பில் துப்பாக்கி செருகிய வீரன் என்ற உருவமோ எல்லைக்கு வடக்கே இருந்த கௌபாயோடும் உறவுடையது. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனபோது குற்றம் முழுவதும் தெற்கத்தியான் தலையில் விழுந்தது.

பழைய பாடல்களில் அந்தச் சொல் இல்லாததால் அந்த நடத்தையும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மெக்சிகோ தலைநகரில் நடப்பிலிருந்த 1928-ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் வீட்டு வேலையை மனைவியின் பொறுப்பென்று எழுதிவைத்திருந்தது. அவள் வெளியே வேலைக்குப் போகலாம், ஆனால் அந்தப் பொறுப்புக்குக் குறை வரக்கூடாது. குடும்பத்தைக் காப்பாற்றும் கணவன் தக்க காரணம் இருந்தால் அதைத் தடுக்கலாம். ஆண் சம்பாதிப்பவன், பெண் வீட்டைப் பார்ப்பவள் என்ற ஏற்பாட்டுக்குச் சட்டமே காவல் நின்றது. 1974-இன் இறுதியில்தான் ஆணும் பெண்ணும் சட்டத்தின் முன் சமம் என்பது அரசியலமைப்பில் ஏறியது. மேற்சொன்ன விதிகளும் திருத்தப்பட்டன. மறு ஆண்டு ஐ.நா.வின் முதல் உலக மகளிர் மாநாடு மெக்சிகோ நகரத்தில் கூடவிருந்தது. விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டிப் பெருக்கிய கதைதான். அதே 1974-இல் மக்கள்தொகைச் சட்டமும் மாற்றப்பட்டு, சிறிய குடும்பம் நன்றாக வாழும் என்ற பிரசாரம் நாடெங்கும் தொடங்கியது. 1970-ஐ ஒட்டி ஒரு மெக்சிகோப் பெண் சராசரியாக ஏறத்தாழ 7 குழந்தைகளைப் பெற்றாள். இன்று அந்தக் கணக்கு 2-க்கும் கீழே. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த பெண்ணே இன்னொரு தாயாக இருப்பாள், அப்பனுக்குத் தொட்டில் பக்கம் வேலையில்லை. இரண்டு பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டில், தாயும் வேலைக்குப் போய்விட்டால், அழுகிற குழந்தையைத் தூக்க அப்பனைத் தவிர வேறு கை இல்லை.

மாத்தியூ கட்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மெக்சிகோ நகரத்தில் ஓர் இசைக்கருவிக் கடையில், கைக்குழந்தையை ஏந்தி நின்ற ஓர் ஆணைப் புகைப்படம் எடுத்தார். அதைப் பார்த்த அவருடைய துறைசார்ந்தவர்கள் வியந்தார்கள். மாச்சோக்கள் குழந்தையைத் தூக்கமாட்டார்கள் என்றல்லவா படித்திருக்கிறோம் என்றார்கள். கட்மன் 1990-களின் தொடக்கத்தில் சாந்தோ தொமிங்கோ என்ற குடியிருப்பில் தங்கி ஆய்வு செய்தார். அந்த இடம் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைக்காடு. 1971-இல் வீடில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே புகுந்து இடம்பிடித்து, பாறையை உடைத்துத் தெரு போட்டன. ஆண்கள் பகலில் கூலிக்குப் போய்விட, பிடித்த இடத்தைக் காவல் காத்ததும், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றதும் பெரும்பாலும் பெண்கள். கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் போன பெண் இரவு வீடு திரும்பும்வரை பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? அங்கேதான் ஆண்களின் கை அடுப்பைத் தொட்டது. ஆயினும் வாய் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாத்திரம் கழுவியவன் ‘மனைவிக்கு உதவுகிறேன்’ என்றுதான் சொன்னான். ‘அயுதார்’, அதாவது உதவுதல், என்ற அந்த வினைச்சொல்லில் ஒரு முழு சொத்துப்பத்திரம் அடங்கியிருக்கிறது: வேலை அவளுடையது, நான் வந்துபோகிறவன்.

இந்தச் சொல்லை நானும் கேட்டிருக்கிறேன். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், திராட்சையும் பாதாமும் விளையும் பகுதியில், சில ஆண்டுகள் வாழ்ந்தேன். என் குடியிருப்பில் துணி துவைக்கும் இயந்திரம் இல்லாததால் ஞாயிறு மாலைகளில் காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போவேன். அங்கே பாதிப்பேர் ஆண்கள். ஒருமுறை எனக்கு எதிர்மேசையில், வயல்வேலையில் கழுத்து கறுத்துப்போன ஒருவர், ஐந்து வயது இருக்கும் தம் மகளோடு கட்டில்விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். சிறுமி இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு தந்தையை நோக்கி நடந்து வருவாள், அவர் குனிந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார், அவள் மறுபடி ஓடிப்போய்க் கீழே தொங்கும் மடிப்பைப் பிடிப்பாள். பிறகு அவர் சிறுமியின் பள்ளிச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் நீவி அடுக்கினார். என் அரைகுறை ஸ்பானியத்தில் நன்றாக மடிக்கிறீர்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, மனைவி பழம் பெட்டியிடும் கூடத்தில் வேலையில் இருக்கிறாள், அவளுக்கு உதவுகிறேன் என்றார். அந்தக் கை பல ஆண்டுப் பழக்கம் உள்ள கை. உதவிக்கு வந்தவன் கை அப்படி மடிக்காது.

குடிபெயர்ந்தவர்களிடையே யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்ற கேள்விக்குச் சமூகவியலாளர் பியரெட் ஒந்தக்னு-சொத்தெலோ 1980-களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் செய்த ஆய்வு எதிர்பாராத விடை தந்தது. 1942 முதல் 1964 வரை ‘பிராசெரோ’ என்ற ஒப்பந்தத் திட்டத்தின்கீழ் மெக்சிகோ ஆண்களை அமெரிக்கா வயல்வேலைக்கு அழைத்தது. சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆணுக்கு மட்டுமே இடம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. அந்தக் காலத்தில் வந்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில், சிலர் பத்தாண்டுக்கும் மேல், ஆண்கள் மட்டுமே குடியிருந்த அறைகளில் வாழ்ந்தார்கள். அக்காளும் இல்லை, அம்மாவும் இல்லை. மாவைப் பிசைந்து தோர்த்தியா ரொட்டி சுடுவது, சட்டைக்கு இஸ்திரி போடுவது, காய்ச்சலில் கிடக்கும் அறைத்தோழனுக்குக் கஞ்சி வைப்பது எல்லாம் கட்டாயத்தில் கற்றார்கள். பின்னர் மனைவி வந்து சேர்ந்தபோது அந்தப் பழக்கத்தை முழுவதும் கைவிடவில்லை. 1965-க்குப் பிறகு கிளம்பியவர்களின் கதை வேறு. அவர்கள் வந்தபோது ஏற்கெனவே குடும்பங்கள் குடியேறிவிட்டன. அத்தையோ அண்ணியோ ஏதோ ஒரு வீட்டில் அடுப்பெரிந்தது. பிரிவும் குறுகிய காலத்தில் முடிந்தது. அவர்கள் சமைக்கக் கற்கவில்லை. மனைவி வந்ததும் பழைய ஏற்பாடு அப்படியே திரும்பியது. வயதில் மூத்த, பழமையில் ஊறியவர்கள் என்று நாம் எண்ணும் தலைமுறை வீட்டு வேலையில் இளையவர்களை முந்தியிருந்தது. நவீனமான நாட்டுக்குப் போனால் ஆண் நவீனமாகிவிடுவான் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

கொள்கை பேசியவர்களும் இந்தப் பரீட்சையில் தடுமாறித்தான் எழுந்தார்கள். 1969-இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில், அள்ளப்படாத குப்பையைத் தெருவின் நடுவே குவித்து மறியல் செய்து புகழ்பெற்ற புவேர்ட்டோ ரீக்க இளைஞர் அமைப்பு யங் லார்ட்ஸ். அவ்வாண்டு அவர்கள் வெளியிட்ட 13 அம்சத் திட்டத்தில் 10-ஆவது அம்சம் பெண்களுக்குச் சமத்துவம் கோரியது. ஆனால் கூடவே, மாச்சிஸ்மோ, அதாவது மாச்சோத்தனம், ஒடுக்குவதாக இல்லாமல் புரட்சிகரமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. தட்டச்சும் குழந்தைக் கவனிப்பும் தம் தலையில் விழுந்ததைக் கண்ட பெண் உறுப்பினர்கள், புரட்சிகரமான மாச்சிஸ்மோ என்றால் புரட்சிகரமான இனவெறி என்று ஒன்று உண்டா என்ற பொருள்படக் கேட்டுச் சண்டைபோட்டார்கள். மறு ஆண்டு திட்டம் திருத்தி எழுதப்பட்டது. மாச்சிஸ்மோ ஒழிக என்று அது ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. 10-ஆவது அம்சம் 5-ஆவதாக மேலே ஏறியது. ஆண்கள் தங்களுக்குள் உட்கார்ந்து இதைப் பேசத் தனிக் குழுவும் வைத்துக்கொண்டார்கள். இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள், தங்கள் சொந்த எழுத்தைத் தாங்களே அடித்துத் திருத்திய இந்த ஓராண்டுக்கு வரலாற்றில் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் குறை.

உளவியலாளர்கள் பின்னாளில் இரண்டு அளவுகோல்களை உண்டாக்கினார்கள்: அடக்கியாள்வதையும் முரட்டுத்தனத்தையும் குறிக்கும் மரபார்ந்த மாச்சிஸ்மோ ஒன்று, குடும்பப்பற்றையும் கண்ணியத்தையும் குறிக்கும் ‘கபயெரிஸ்மோ’ இன்னொன்று. 2008-இல் வெளியான அந்த ஆய்வு பயனுள்ளது. ஆனாலும், ஒரே ஆள் காலையில் ஒன்றாகவும் மாலையில் மற்றொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதை எந்த அளவுகோலும் பிடிப்பதில்லை.

அந்த மாலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். கணவன், காதலன் கைகளில் பெண்கள் கொல்லப்படுவதை எதிர்த்து 2015 ஜூன் 3 அன்று அர்ஜென்டினாவில் எழுந்த ‘நி உனா மெனோஸ்’, அதாவது இனி ஒருத்தியும் குறையக்கூடாது, என்ற முழக்கம் கண்டம் முழுவதும் பரவியது. ஆண்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் இங்கே நிதானமாகச் சொல்லிக்கொண்டிருப்பது, அந்த ஊர்வலத்தில் மகளின் படத்தை ஏந்தி நடந்த ஒரு தாய்க்கு எப்படி ஒலிக்கும் என்ற கூச்சம் எனக்கு உண்டு. அரசுகள் ஆண்களிடம் நேராகப் பேசத் தொடங்கியது மிகத் தாமதமாகத்தான். கொலம்பியாவின் தலைநகர் பொகோத்தாவில், 2001 மார்ச் 9 இரவு, மேயர் அந்தானாஸ் மோக்குஸ் ஆண்களை வீட்டிலேயே இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ 7 லட்சம் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். காவலுக்கும் பெண் போலீசாரே நின்றார்கள். அது ஒரு நாள் கூத்து என்று சொன்னவர்கள் உண்டு. எனினும் அதே நகரம் 2020-இன் இறுதியில் ‘லீனியா கால்மா’ என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. பொறாமையாலும் கோபத்தாலும் கொதிக்கும் ஆண், கை ஓங்குவதற்குமுன் அழைத்துப் பேசலாம். மறுமுனையில் உளவியலாளர் இருப்பார். டயபர் மாற்றவும் குழந்தைக்குத் தலைவாரவும் ஆண்களுக்குச் சொல்லித்தரும் வகுப்புகளையும் அந்நகரம் நடத்துகிறது. தந்தைக்கு மகப்பேற்று விடுப்பாகக் கொலம்பியா 2021-இல் 2 வாரம் கொடுத்தது. மெக்சிகோ சட்டம் 2012 முதல் தருவது 5 நாள். அர்ஜென்டினாவின் 1974-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வைத்தது 2 நாள். இரண்டு நாளில் பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். அங்கே ஆண்களில் வேலைச் சந்தையில் இருப்போரின் விகிதம் லத்தினோக்களிடையே மிக அதிகம். வேலையிடத்தில் சாகும் விகிதமும் அவர்களிடையே மிக அதிகம். கூரை வேய்தல், கட்டடம், வயல், இறைச்சிக்கூடம் என்று உடம்பை அடகு வைக்கும் வேலைகள். ‘அகுவந்தார்’, தாங்கிக்கொள், என்பது அவர்கள் தகப்பனிடம் கேட்டு வளர்ந்த கட்டளை. வெயிலில் தலை சுற்றும்போது நிழலுக்குப் போகாதவன் ஆண்மையைக் காக்கிறான் என்று சொல்வது எளிது. நிழலுக்குப் போனால் நாளை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற கணக்கையும் அவன்தான் போடுகிறான். சம்பாதித்துப் போடுகிறவன் என்ற ஒரே தூணில் தன்னை நிறுத்திக்கொண்ட ஆணுக்கு, அந்தத் தூணையே பிடுங்குவது நாடுகடத்தல். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டவர்களில் 10-இல் 9 பேருக்கும் மேல் ஆண்கள், மிகப் பெரும்பாலோர் லத்தினோக்கள். வடக்கே மனைவி இரண்டு வேலை பார்க்கிறாள். தெற்கே கணவன், குழந்தைப் பருவத்தில் விட்டுவந்த நாட்டில், ஆங்கிலம் தெரிந்த காரணத்தால் எல்லையோர நகரமான திஹுவானாவின் கால் சென்டர் ஒன்றில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிறான். வீட்டுத்தலைவன் என்ற பட்டத்துக்கு இப்போது வீடும் இல்லை.

சான் டியேகோவுக்கும் திஹுவானாவுக்கும் நடுவே, எல்லைவேலி பசிபிக் கடலுக்குள் இறங்கும் இடத்தில், 1971-இல் திறக்கப்பட்ட நட்புப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் கம்பிகளுக்கு இடையே கைகுலுக்கலாம், குழந்தையின் கன்னத்தைத் தொடலாம். பிறகு கனமான வலை அடித்தார்கள். 2020-இல் வடக்குப்புறம் மூடப்படும்வரை, வார இறுதிகளில் குறிப்பிட்ட நேரத்துக்குக் குடும்பங்கள் அங்கே வந்தன. வலையின் ஓட்டைகள் மிகச் சிறியவை. பெரியவர் கையில் அதற்குள் நுழைவது சுண்டுவிரலின் நுனி மட்டும். சம்பாதித்துக் கொடுக்கவோ கட்டளையிடவோ வழியில்லாத தகப்பன்மார் அந்த நுனியை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பார்கள். மறுபுறத்தில் பிள்ளை தன் சுண்டுவிரலைக் கொண்டுவந்து அதில் ஒட்டவைக்கும்.

நன்றி.