டேட் தாண்டிட்டா முதல்ல பழைய ஃபைல எடுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் லேபர் வார்டுல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்தவ, இப்போ ரிட்டயர்டு, வீடு தண்டையார்பேட்டை. முதல் குழந்தை சிசேரியன், ரெண்டாவத நார்மலா பெத்துக்கணும்னு ஆசை, ஆனா டாக்டர் கொடுத்த டேட் தாண்டிடுச்சு, வலியும் வரல, இப்போ என்ன பண்றதுன்னு தவிக்கிறாங்களே, அவங்களுக்காகத்தான் இன்னைக்குப் பேச வந்தேன். மாமியாருங்க, வீட்டுக்காரருங்க எல்லாரும் கூட உக்காந்து கேளுங்க, ஏன்னா ராத்திரியில ஃபாரத்துல கையெழுத்து போடப் போறவங்க நீங்கதான்.

2019-21 தேசிய குடும்ப நல சர்வேயில நம்ம தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல கிட்டத்தட்ட 45 சிசேரியன். அப்போ இந்தக் கேள்வி தெருவுக்கு நாலு வீட்டுல இருக்கு.

"ஒரு தடவை கிழிச்சா அப்புறம் எப்பவும் கிழிக்கணும்"னு சொல்றாங்கல்ல, அது 1916-ல நியூயார்க்ல கிரேகின்னு ஒரு டாக்டர் எழுதினது. அந்தக் காலத்துல கர்ப்பப்பைய மேல இருந்து கீழ நேரா வெட்டுவாங்க, அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில பிரிஞ்சுக்கிற ஆபத்து அதிகம், அதனால அவர் சொன்னது அந்தக் காலத்துக்கு சரி. இப்போ பெரும்பாலும் கர்ப்பப்பையோட கீழ்ப்பக்கம் குறுக்கா வெட்டறாங்க. இப்படி ஒரே ஒரு சிசேரியன் ஆனவங்க நார்மலுக்கு முயற்சி பண்ணா 100-ல 70, 75 பேருக்கு நார்மலாவே ஆயிடுது. நடுவுல ஒரு நார்மல் பிரசவம் ஆனவங்கன்னா 85-க்கும் மேல. வலி தானா வந்தா தையல் பிரியற ஆபத்து சுமாரா 200-ல ஒருத்தருக்கு. கம்மிதான், ஆனா நடந்தா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து, அதையும் மறைக்காம சொல்லணும்.

இப்போ நான் வார்டுல வாய் வலிக்க சொல்லிட்டே இருந்த விஷயத்துக்கு வரேன். டிஸ்சார்ஜ் சம்மரி. அதாங்க, முதல் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த பேப்பர். வயித்துல வெளியே தெரியற தழும்ப வெச்சு உள்ள எப்படி வெட்டினாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. வெளிய குறுக்கா இருக்கும், உள்ள நேரா வெட்டியிருப்பாங்க, உல்டாவாவும் இருக்கும். அந்தப் பேப்பர்லதான் எல்.எஸ்.சி.எஸ்.னு போட்டிருக்கும், அதுதான் கீழ்ப்பக்கம் வெட்டினது. ஏன் ஆபரேஷன் பண்ணாங்க, வெட்டு மேல இழுத்துக்கிச்சா, எல்லாம் அதுல இருக்கும்.

காசிமேட்டுல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. டேட் தாண்டி ரெண்டு நாள், வலி இல்ல, வீட்டுல எல்லாரும் ஆபரேஷன் பண்ணிடுங்கன்னு நிக்கிறாங்க. அந்தப் பொண்ணோட மாமியார் ரேஷன் கார்டு, ஆதாரோட அந்த ஃபைலையும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல போட்டு இடுப்புல சொருகிட்டு வந்திருந்தாங்க. மழை வெள்ளம்னா நம்ம பக்கம் முதல்ல நனையறது பீரோவோட அடித்தட்டுதான், அதனால நான் இத எப்பவும் கழுத்தளவுக்கு மேலதான் வெப்பேன்னு சொன்னாங்க. பெரிய டாக்டரம்மா அந்தப் பேப்பர ஒரு வரி விடாம படிச்சாங்க. முதல் குழந்தை கால் கீழ இருந்ததால ஆபரேஷன், குறுக்கு வெட்டு, வேற தகராறு இல்ல. இந்தக் குழந்தை தலை கீழ, நல்லா இருக்கு. "தினமும் துடிப்பு பாத்துட்டு காத்திருக்கலாம்மா"ன்னாங்க. மூணாம் நாள் விடிகாலையில வலி வந்து நார்மலா பொறந்துச்சு. இதே மாதிரி இன்னொரு பொண்ணு, அது பேப்பர்ல வெட்டு மேல்நோக்கி ஏறிடுச்சுன்னு எழுதியிருந்துச்சு. அதுக்கு டேட்டுக்கு முன்னாடியே நாள் குறிச்சு ஆபரேஷன் பண்ணோம், அதுதான் அதுக்கு சரி. ரெண்டு பேருக்கும் முடிவு சொன்னது அந்தப் பேப்பர்தான். உங்களோடது தொலைஞ்சிருந்தா இன்னைக்கே பழைய ஆஸ்பத்திரியில போய் ரெக்கார்டு கேளுங்க, வலி வந்தப்புறம் யாரும் தேட முடியாது.

அப்புறம் டேட். கடைசியா பீரியட்ஸ் ஆரம்பிச்ச முதல் நாள்ல இருந்து 280 நாள்னு கணக்கு, மாசா மாசம் ஒழுங்கா வராதவங்களுக்கு இது தப்பும். மூணு மாசத்துக்குள்ள எடுத்த முதல் ஸ்கேன் தேதிதான் நம்பகமானது, ஒன்பதாம் மாச ஸ்கேன்ல வேற தேதி வந்திருக்குன்னு மாத்திக்கக் கூடாது. நெஜமாவே தாண்டியிருந்தாலும், 40 வாரம் ஆயிடுச்சுங்கறதுக்காக மட்டும் நார்மல் கதவு மூடிடாது. வாய்ப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனா 41 வாரத்துக்கு மேல சும்மா காத்திருந்தா உள்ள குழந்தைக்கு ஆபத்து ஏறும், அதனால அதுக்குள்ள ஒரு முடிவு வேணும். அந்த முடிவ ஒன்பதாம் மாசம் ஆரம்பத்துலயே டாக்டர்கிட்ட பேசிடுங்க, டேட் தாண்டினா எத்தனை நாள் பாப்பீங்க, அப்புறம் வலி வர வெப்பீங்களா, இல்ல ஆபரேஷனான்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க.

வலி வர வெக்கிறதுன்னா, பழைய தையல் இருக்கறவங்களுக்கு மருந்து கொடுத்து வலி வர வெச்சா தையல் பிரியற ஆபத்து ரெண்டு மூணு மடங்கு ஏறும். மிசோபிராஸ்டால் மாத்திரை கூடவே கூடாது. கர்ப்பப்பை வாய் திறக்கறதுக்கு பலூன் ட்யூப் வெக்கிறதுல ஆபத்து கம்மி, அதையும் டாக்டர்தான் பாத்து செய்யணும். தயவு செஞ்சு வீட்டுல விளக்கெண்ணெய் கொடுக்காதீங்க பெரியம்மாங்களே. சூட்டு வலியா நெஜ வலியான்னு பாக்க சீரகத் தண்ணி கொடுத்துட்டு உக்காந்திருக்கீங்களே, தையல் இருக்கற பொண்ணுக்கு அந்த நேரம்கூட வேணாம், ஆட்டோவ கூப்பிடுங்க.

எங்க போறதுங்கறதும் பாக்கணும். ராத்திரியிலயும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம் ரெடியா இருக்கற இடமா இருக்கணும், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். கவர்மென்ட் பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க, எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டறவங்க, வழிய முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கங்க, டேட் நெருங்கினா ஆஸ்பத்திரி பக்கத்துல சொந்தக்காரங்க வீடு இருந்தா போய் தங்குங்க.

நேரம் ஆயிடுச்சுன்னு கை காட்டறாங்க, வலி தாங்கறது பத்தி பேச முடியல, இது மட்டும் கேட்டுக்கங்க. குழந்தை அசைவு குறைஞ்சாலோ, பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, வலி விட்டப்புறமும் பழைய தழும்புல வலி நிக்காம இருந்தாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க, அந்த பிளாஸ்டிக் கவர கையில எடுத்துக்கிட்டு கெளம்புங்க. வரேன்மா, வணக்கம்.